‘பி’யில் நிற்காத கார்

குன்னூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்வாசல் சரிவானது. சாலையிலிருந்து காரை மேலே ஏற்றி, ஏற்றிய அந்தச் சரிவிலேயே நிறுத்த வேண்டும். சமதளம் என்று சொல்லிக்கொள்ளத் துளசிமாடத்தைச் சுற்றி நாலடி இடம்தான் உண்டு. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, தூறலுக்கு நடுவே காரை ஏற்றி, ஆட்டோமேட்டிக் காரின் கியர் லிவரை, நிறுத்தி வைப்பதற்கான ‘பி’க்குத் (பார்க்) தள்ளிவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் பின்னோக்கி நகர்ந்தது. சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளாமல் பெடலை மட்டும் பின்னோக்கிச் சுற்றினால் ஒரு கடகடப்பு எழுமே, அதே ஓசை, ஆனால் அதைவிடப் பல மடங்கு கனமாக, முன்பக்கத்திலிருந்து வந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு லிவரைப் பார்த்தேன். அது ‘பி’யில்தான் இருந்தது.

லிவரை, முன்னோக்கி ஓட்டுவதற்கான ‘டி’ வரை இழுத்து மறுபடியும் ‘பி’க்குத் தள்ளினேன். இம்முறை கார் நின்றது. அதுதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. எப்போதுமே நிற்காத காரை யாரும் சரிவில் விட்டுவிட்டு உள்ளே போய்க் காப்பி குடிக்க மாட்டார்கள். ஒருமுறை நின்று மறுமுறை நழுவுகிற காரைத்தான் நம்பி விட்டுப்போவார்கள். அன்றிரவு ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் மட்டும் இழுத்து, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் கருங்கல் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். லாரி கிளீனர்கள் சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கைவேலையாவது தெரிந்திருந்தது.

கார் பதினோரு ஆண்டுப் பழையது. இரண்டாம் கையாக வாங்கியது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும், கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் ‘பி’ என்ற எழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு இந்த வகைக் கார்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

‘பி’ என்பது பிரேக் அன்று. கியர் பாக்ஸிலிருந்து சக்கரங்களை நோக்கிச் சக்தியைக் கொண்டு செல்லும் தண்டில் ஆழமான பள்ளங்கள் வெட்டிய ஒரு பல்சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒற்றைப் பல் உடைய எஃகுக் கொண்டி ஒன்று காத்திருக்கும். லிவரை ‘பி’க்குத் தள்ளும்போது, ஸ்பிரிங் மாட்டிய ஒரு கம்பியின் நுனியில் இருக்கும் கூம்பு அந்தக் கொண்டியின் முதுகுக்குப் பின்னால் புகுந்து, அதன் பல்லைப் பள்ளத்துக்குள் அழுத்திவிடும். அவ்வளவுதான். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு வண்டியை நிறுத்தி வைப்பது, வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்ற ஒரு சங்கதி. மெக்கானிக்குகள் இதை பார்க்கிங் லாக் என்பார்கள்.

கொண்டியின் பல் நேராகப் பள்ளத்தில் விழாமல், சக்கரத்துப் பல்லின் தலைமேல் வந்து நிற்கவும் கூடும். அப்போது கம்பியில் இருக்கும் ஸ்பிரிங் அழுந்தியபடி காத்திருக்கும். கார் சற்றே நகர்ந்ததும் அடுத்த பள்ளத்தில் கொண்டி ‘டக்’கென்று விழும். ஆகவே ‘பி’யில் போட்ட கார் சிறிது நகர்ந்து நிற்பது கோளாறு ஆகாது. எவ்வளவு நகரலாம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், சக்கரம் ஒருமுறை சுழல அந்தத் தண்டு நான்கு முறை சுழலும், பல்சக்கரத்தில் பத்துப் பள்ளங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு வண்டி நகரும் தூரம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதிகளில் 114-ஆம் விதி, 10 சதவீதச் சரிவில் ‘பி’யில் பூட்டிய வாகனம் 150 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்கிறது. என் கார் அன்று மாலை ஒரு முழத்துக்கு மேல் நகர்ந்திருந்தது. நான் மிதிக்காவிட்டால் கேட்டையும் தாண்டியிருக்கும்.

சரிவில் எவ்வளவு சுமை அந்தக் கொண்டியை நெருக்குகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1,100 கிலோ கார், பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நின்றால், ஏறக்குறைய 110 கிலோ எடை அதைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊருக்கு வரும் மலை ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறுவது பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவிலான சரிவில். அந்தச் சரிவுக்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, எஞ்சினின் பல்சக்கரத்தை அதில் கோத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வழுக்கும் இடத்தில் உராய்வை நம்பாமல் பல்லை நம்புவது என்ற வகையில் இரண்டும் ஒரே யோசனைதான்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கடகடவென்ற ஓசையைச் சொன்னவுடனேயே, காரை ஜாக்கியில்கூட ஏற்றாமல், கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், கொண்டியோ பல்சக்கரமோ தேய்ந்திருக்கும், 85,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்னதை முற்றிலும் தவறு என்று சொல்லிவிட முடியாது. கார் முழுதாக நிற்பதற்கு முன்பே ‘பி’க்குத் தள்ளும் பழக்கம் உள்ளவர்களின் வண்டியில் கொண்டியின் பல் நுனி மழுங்கிப் போவதுண்டு. நடை வேகத்துக்கும் கீழே இறங்கும்வரை உள்ளே விழாமல் துள்ளும்படி அந்தப் பல்லைச் சாய்வாகத்தான் செய்திருக்கிறார்கள். ஓடும் வண்டியில் போட்டால் கடகடவென்று துள்ளும். ஓசை வந்ததால் பல் தேய்ந்துவிட்டது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். தேயாத கொண்டியும் பாதி மட்டுமே அழுத்தப்பட்டால் அப்படித்தான் துள்ளும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

மேட்டுப்பாளையத்தில் பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளையே பார்க்கும் ஒரு மெக்கானிக்கை நண்பர் ஒருவர் சொன்னார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மலையிறங்கி அவரிடம் போனேன். இறங்கும் வழியெல்லாம் காரில் ஒரு குறையும் தெரியவில்லை, ‘பி’யைத் தவிர மற்ற எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. அவர் பானட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்: “லிவரு ‘பி’யில இருந்துச்சுன்னு சொல்றீங்க. மீட்டர்ல என்ன எரிஞ்சுதுங்க சார்?”

நான் பார்க்கவில்லை. பதினோரு ஆண்டுப் பழைய காரில் மீட்டர் பலகையில் எரியும் அந்தச் சின்ன எழுத்தை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அவர் கேட்டதில்தான் எல்லாமே இருந்தது. லிவரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எழுத்து, லிவர் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். மீட்டரில் எரியும் எழுத்தோ, பெரும்பாலான கார்களில், கியர் பாக்ஸின் மேலேயே அமர்ந்திருக்கும் ஒரு சுவிட்ச் சொல்லும் செய்தி. லிவருக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கேபிள் இருக்கிறது. இரண்டு முனைகளும் ஒரே சேதியைச் சொல்லாவிட்டால், கோளாறு நடுவில்தான் இருக்க வேண்டும்.

அவர் அடுத்தடுத்துக் கேட்கக் கேட்க, எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் சில காலைகளில் சாவியைத் திருகியும் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை. லிவரை ஆட்டிவிட்டுத் திருகினால் சுற்றியது. பேட்டரி போய்விட்டது என்று நானே முடிவு செய்து புதுப் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தேன். இன்னொரு நாள் எஞ்சின் ஓடும்போதே ‘பி’யில் போட்டுவிட்டு நின்று பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன், “அங்கிள், பின்னாடி வெள்ளை லைட் எரியுது” என்றான். பின்பக்கம் பார்க்காமலேயே சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளை விளக்கு ரிவர்ஸ் விளக்கு. பெட்டி ‘பி’யில் இருந்தால் அது எரியக் கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றாததும் அதே கதைதான். பெட்டி ‘பி’யிலோ, எந்தக் கியரும் விழாத நியூட்ரலான ‘என்’னிலோ இல்லாவிட்டால் சுவிட்ச் ஸ்டார்ட்டருக்கு அனுமதி தராது. ஆனால் சாவி மட்டும் எல்லா நாளும் ஒழுங்காகக் கழன்று வந்தது. என் காரில் சாவியை விடுவிக்கும் ஏற்பாடு லிவரின் அடியிலேயே இருக்கிறது, பெட்டியை அது கேட்பதில்லை. சாவி கையில் வந்துவிட்டால் வண்டி ‘பி’யில் இருக்கிறது என்றே இத்தனை நாளும் நம்பிவந்தேன்.

சோதனை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கைவிரல் கனத்துக்கு இடைவெளி விட்டுக் கட்டை வைத்தார். ஏர் பில்டர் டப்பாவைக் கழற்றினால் அடியில் கியர் பாக்ஸின் மேல் விரல் நீளத்தில் ஓர் இரும்புக் கை தெரிந்தது; கேபிளின் நுனி அதில் ஒரு முளையில் மாட்டியிருந்தது. அவருடைய பையன் உள்ளே அமர்ந்து லிவரை ‘டி’யிலிருந்து ‘பி’க்குத் தள்ள, கேபிளின் நுனி நகர்வதையும் இரும்புக் கை நகர்வதையும் நான் குனிந்து பார்த்தேன். கேபிள் முதலில் நகர்ந்தது, கை சும்மா நின்றது. பிறகுதான் கையும் கூட வந்தது. நடுவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வெறும் ஆட்டம். கேபிள் நுனிக்கும் முளைக்கும் நடுவில் இறுக்கமாக இருக்க வேண்டிய புஷ் என்னும் பிளாஸ்டிக் வளையம், பழைய வெல்லக்கட்டியைப் போல் பழுப்பேறி, விரலால் தொட்டதும் பொடிந்து விழுந்தது.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். புஷ் பொடிந்ததைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. கேபிளை முளையிலிருந்து முற்றிலும் கழற்றிவிட்டு, இரும்புக் கையைத் தன் கையாலேயே கடைசி வரை தள்ளினார். உள்ளே ஏதோ தெளிவாகப் போய் அமர்ந்த உணர்வு, ‘டக்’. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, நாங்கள் மூவருமாகக் காரைத் தள்ளினோம். கட்டைக்கும் டயருக்கும் இடையில் இருந்த அந்தச் சிறு இடைவெளியைக்கூடக் கடக்காமல் வண்டி நின்றது. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தோம். பிறகு இரும்புக் கையை ஒரு படி பின்னுக்கு இழுத்து, ரிவர்ஸுக்கான ‘ஆர்’ இடத்தில் வைத்துத் தள்ளினால் கார் கட்டையில் போய் முட்டியது. அப்படியென்றால் கொண்டியும் பல்சக்கரமும் நலமாக இருக்கின்றன. லிவர் சொன்ன சொல் அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு சோதனையை, கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிப் பார்ப்பதை, கியர் பாக்ஸை இறக்கச் சொல்லும் எவரிடமும் முதலில் செய்யச் சொல்லிக் கேட்கலாம். கையால் தள்ளியும் வண்டி நிற்காவிட்டால் அப்போது அந்த 85,000 ரூபாயைப் பற்றிப் பேசலாம்.

ஏன் சில நேரம் நின்றது, சில நேரம் நழுவியது என்பதையும் அவரே விளக்கினார். இரும்புக் கையோடு சேர்ந்து உள்ளே சீப்புப் போல் பள்ளமும் மேடும் வெட்டிய ஒரு தகடு திரும்பும்; ஸ்பிரிங்கில் மாட்டிய சின்ன உருளை ஒன்று அந்தப் பள்ளங்களில் மாறி மாறி அமரும். லிவரைத் தள்ளும் வேகத்தில் உருளை ‘ஆர்’ பள்ளத்துக்கும் ‘பி’ பள்ளத்துக்கும் இடையிலுள்ள மேட்டைத் தாண்டிவிட்டால், மிச்சத் தூரத்தை ஸ்பிரிங்கே இழுத்துக்கொண்டு போய் ‘பி’யில் விடும். மேட்டைத் தாண்டாவிட்டால் ‘ஆர்’ பள்ளத்துக்கே திரும்பி வரும். மேட்டின் உச்சியிலேயே தொங்கிக்கொண்டு நின்றுவிட்டால் கூம்பு பாதியில் நிற்கும், கொண்டி அரைகுறையாகத் தொட்டுத் துள்ளும். நான் கேட்ட கடகடப்பு அது. மீட்டரைப் பார்த்திருந்தால் எந்த எழுத்துமே எரிந்திருக்காது. இவற்றில் ஆபத்து மிகுந்தது, ‘ஆர்’ பள்ளத்துக்கே திரும்பிவிடும் இரண்டாவது நிலைதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் லிவர் ‘பி’யைக் காட்ட, கார் தன் சொந்த பலத்தில் பின்னோக்கிப் போகும்.

அறிவைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாலே லாக் விழுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே என்றேன். சிரித்தார். இரு முன்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இருப்பதால், லாக் நன்றாக விழுந்திருந்தாலும் ஒரு முன்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் மற்றது பின்னோக்கிச் சுற்றிக்கொண்டு வழிவிடும். நியூட்ரலிலும் பெட்டிக்குள் இருக்கும் இழுவையால் பல நேரம் அப்படியே சுற்றும். இரண்டு பேர் இரண்டு சக்கரங்களையும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் திருப்பிப் பார்த்தால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. முன்சக்கர இழுவைக் காரில் டயர் மாற்றுவதற்காக ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினாலே ‘பி’யின் பிடி போய்விடும் என்பதும் இதனால்தான்.

இதே காரணத்தால், முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் தண்டு ஒன்று முறிந்தாலும், பெட்டியிலிருந்து கழன்று வந்தாலும் ‘பி’ நிற்காது. ஆனால் அப்படிப்பட்ட வண்டி ‘டி’யில் போட்டாலும் நகராது என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். ஃபோர் வீல் ஜீப்புகளில் இரண்டாவது லிவர் ஒன்று இருக்கும். டிரான்ஸ்பர் கேஸ் என்னும் அந்தத் துணைப்பெட்டி நியூட்ரலில் நின்றுவிட்டால், பெரிய பெட்டியில் கொண்டி விழுந்தும் பயனில்லை, அதற்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இருக்காது. நம் ஊரில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று சொல்லி விற்கப்படும் கார்களில் கணிசமானவை, 2014-இல் மாருதி செலேரியோவோடு இங்கே அறிமுகமான ஏ.எம்.டி. வகை (சாதாரணக் கியர் பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் மனிதக் கைக்குப் பதில் இயந்திரமே இயக்குவது), அவற்றில் பெரும்பாலும் ‘பி’ என்ற எழுத்தே கிடையாது, கியரில் விட்டு எஞ்சினை அணைத்துவிட்டு ஹேண்ட் பிரேக் போட வேண்டும். கேபிளே இல்லாமல் மின்சாரத்தால் கியர் மாற்றும் கார்களின் சங்கதி வேறு. அவற்றில் சில லிவர்கள் தள்ளிய பிறகு நடுவுக்கே திரும்பி வந்துவிடும். கையைக் கொண்டு கியரை உணர முடியாது. 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் அத்தகைய லிவர் கொண்ட ஏறக்குறைய 11 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் எந்திரம் உடையவில்லை, ‘பி’யில் போட்டுவிட்டதாக ஓட்டுநர்கள் நம்பி இறங்கினார்கள்.

என் காரின் நோய் ஒன்றும் அபூர்வமானது அல்ல என்று பிறகு தெரிந்தது. 2022 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 29 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே இந்தப் புஷ்தான். சூட்டிலும் ஈரப்பதத்திலும் அது சிதைந்து கேபிள் கழன்றுவிடக்கூடும் என்று கண்டார்கள். புதுப் புஷ் போட்டு அதன்மேல் ஒரு மூடியும் வைத்துக் கொடுத்தார்கள். எஞ்சினின் சூடும் குன்னூரின் ஈரமும் பதினோரு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்த பிறகு, என் காரின் புஷ் பொடிந்ததில் வியப்பில்லை.

என் காருக்குப் புஷ் தனியாகக் கிடைக்காது, கேபிளோடுதான் வரும் என்றார்கள். நைலான் உருளையிலிருந்து லேத்தில் கடைந்து ஒன்றைப் போட்டுத் தருகிறேன், நூறு ரூபாய்கூட ஆகாது என்றார் மெக்கானிக். அவர் கடைந்தால் சரியாகவே இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் கேபிளின் உள்கம்பியும் அதே வயதுதானே என்று யோசித்து முழுக் கேபிளையே வரவழைத்தேன். வந்து சேர ஒன்பது நாட்கள் ஆயின, கூலியோடு 6,400 ரூபாய். புதுக் கேபிளை மாட்டும்போது லிவரையும் இரும்புக் கையையும் தனித்தனியே ‘பி’யில் வைத்துவிட்டு, இரண்டும் அமர்ந்த பிறகே கேபிளின் நீளத்தைப் பூட்டினார். பின் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, லிவர் காட்டுவதையும் மீட்டர் காட்டுவதையும் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல் வாசித்தேன்.

ஹேண்ட் பிரேக்கையும் விடவில்லை. அதன் கைப்பிடி பதினோரு சொடுக்கு மேலே வந்த பிறகுதான் பிடித்தது. ‘பி’யை நம்பி நான் அதைக் கவனிக்காமலே விட்டிருந்தேன். பின்சக்கர டிரம்மைக் கழற்றி லைனரைச் சுத்தம் செய்து ஏழு சொடுக்குக்குக் கொண்டுவந்தார். “காலு பிரேக்குல இருக்கறப்பவே என்ல போட்டு ஹேண்ட் பிரேக்க இழுங்க. கால எடுத்து வண்டி அதுமேல உக்காந்தப்புறம் பியில தள்ளுங்க. காலைல எடுக்கறப்ப டங்குனு அடிக்காதுங்க” என்றார். சரிவில் நின்ற காரை ‘பி’யிலிருந்து எடுக்கும்போது தினமும் கேட்ட அந்த அடியைப் பழைய வண்டியின் இயல்பு என்றே நான் எண்ணியிருந்தேன், மொத்த எடையும் கொண்டியின் பல்லில் இரவெல்லாம் தொங்கியதன் ஓசை அது.

வீட்டுக்கு வந்து அதே சரிவில் ஏற்றி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போடாமல், ‘பி’யை மட்டும் சோதிக்க வேண்டும். டயரிலும் தரையிலும் நேர்க்கோட்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி மனைவி கருங்கல்லை வைத்துவிட்டு விலகி நின்றாள். மீட்டரில் ‘பி’ எரிந்தது. காலை எடுத்தேன். ‘டக்’ என்ற ஓசையோடு நின்றது. இறங்கிப் பார்த்தால் நான்கு சென்டிமீட்டர். ‘டி’க்கு எடுத்து, முன்னே சற்று ஏற்றி, மறுபடியும் செய்தேன், இரண்டு சென்டிமீட்டர். மூன்றாம் முறை கோடுகள் ஒன்றையொன்று விட்டு விலகவே இல்லை. “அப்ப கல்ல எடுத்துரட்டுமா?” என்று கேட்டாள். அது காலை வரை இருக்கட்டும் என்றேன்.